நால்வர் திரும்பி வருகிறார்கள், ஐந்தாமவர் யார்? நார்த் கரோலினா கல்லூரிக் கூடைப்பந்து அணி 2022-23

கேள்வி | 10 மே 2022

"பேகாட், கேலப் லவ், ஆர்.ஜே. டேவிஸ், லீக்கி பிளாக். இந்த ஆண்டு தேசியப் போட்டியின் இறுதியாட்டத்தில் முதலில் களமிறங்கிய ஐவரில் நால்வர் மீண்டும் நார்த் கரோலினாவுக்கே ஆடப்போகிறார்கள். கான்சாஸிடம் வெறும் 3 புள்ளிகளில் நழுவிய கோப்பை அது. 2008இல் அரையிறுதியில் தோற்ற அணி 2009இல் வென்றது. 2016இல் கடைசி நொடியில் தோற்றவர்கள் 2017இல் வென்றார்கள். இந்த முறையும் அதுதானே நடக்கும்? சந்தேகப்பட ஒரு காரணமாவது உண்டா?"

10 மே 2022, இரவு

உண்டு. பிரேடி மேனக்.

12 மே 2022

ஒரே பெயரைச் சொல்லிவிட்டுப் போனது போதாது. விளக்குகிறேன்.

போய்விட்ட ஐந்தாமவர்தான் மேனக். ஓக்லஹோமாவில் நான்கு ஆண்டுகள் ஆடிவிட்டு, கொரோனாவால் கிடைத்த கூடுதல் ஓராண்டைக் கழிக்க இங்கே வந்தவர். 6 அடி 9 அங்குல உயரம். ஆட்டத்துக்குச் சராசரியாக 15 புள்ளிகள். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து 100 முறை எறிந்தால் 40 விழும். இந்த எண்களை மட்டும் பார்த்தால், 15 புள்ளி போடும் இன்னொருவரைப் பிடித்துவந்தால் கணக்கு நேராகிவிடும் என்றுதான் தோன்றும்.

ஆனால் அவர் எங்கே நின்றார் என்று பாருங்கள். ஆர்மாண்டோ பேகாட் வளையத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இடப்பக்கம் இடம் பிடிக்கிறார். மேனக் எதிர்ப்பக்கம் கோட்டுக்கு வெளியே நிற்கிறார். 2019-20 முதல் கல்லூரி ஆட்டத்தில் அந்தக் கோடு 22 அடி 1¾ அங்குலத் தொலைவில் இருக்கிறது. அவரைக் காவல் காக்கும் உயரமான ஆள் பேகாட்டின் பக்கம் இரண்டடி நகர்ந்தால் போதும், பந்து மேனக்கின் கைக்கு வந்து, அங்கிருந்து உடனே கிளம்பிவிடும். ஆகவே எதிரணியின் இரண்டாவது நெட்டையர் வளையத்தடிக்கு உதவிக்கு வர முடியாமல் வெளியிலேயே கட்டுண்டு கிடந்தார். பேகாட் ஒற்றைக்கு ஒற்றையாக மோதினார். லவ்வும் டேவிஸும் உள்ளே பாய்ந்தபோது நடுவில் ஆள் இல்லை.

மார்ச் 5 அன்று டியூக்கின் களத்திலேயே டியூக்கை 94-81 என்று வென்ற ஆட்டத்தில் பேகாட் 23, லவ் 22, டேவிஸ் 21, மேனக் 20. நால்வரும் தலா 20க்குக் குறையாமல் குவித்தது தற்செயல் அல்ல. ஒருவர் விரித்துக் கொடுத்த இடத்தில்தான் மற்ற மூவரும் ஆடினார்கள். நால்வர் திரும்பி வருகிறார்கள் என்பது மெய். அவர்கள் ஆடிய இடம் திரும்பி வருமா என்பதே என் கேள்வி.

13 மே 2022

2009ஐயும் 2017ஐயும் சொன்னீர்கள். முதலாவது உங்களுக்குச் சாட்சி சொல்லாது.

2008இல் கான்சாஸிடம் அரையிறுதியில் தோற்ற பிறகு டைலர் ஹான்ஸ்ப்ரோ, டை லாசன், வெய்ன் எலிங்டன், டேனி கிரீன் எல்லோருமே திரும்பினார்கள். அந்த அணியின் மூளையும் திரும்பியது, தோளும் திரும்பியது. 2006இல் வென்ற ஃபுளோரிடாவில் ஐவரும் திரும்பினார்கள், 2007இலும் வென்றார்கள். இரண்டிலும் முக்கியமான வேலை எதுவும் ஆளில்லாமல் கிடக்கவில்லை.

2017 மட்டும் என் வாயை அடைக்கிறது. மார்கஸ் பெய்ஜ் போய்விட்டார், பிரைஸ் ஜான்சன் போய்விட்டார், அப்படியும் வென்றார்கள். எப்படி வென்றார்கள் என்று யோசித்தால் எனக்கு நினைவுக்கு வருவது ஆரெகனுடன் நடந்த அரையிறுதியின் கடைசி ஆறு நொடிகள். ஒரு புள்ளிதான் முன்னிலை. கென்னடி மீக்ஸ் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் (தடுப்பாரின்றி எறியும் வாய்ப்பு) தவறவிட்டார். தியோ பின்சன் எகிறிப் பந்தை வெளியே தட்டிவிட்டார். ஜோயல் பெர்ரிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, அவரும் இரண்டையும் தவறவிட்டார். இந்த முறை மீக்ஸே பந்தைப் பிடித்துக்கொண்டார். நான்கு எறிதலும் வீண், ஆனாலும் 77-76 வெற்றி. அந்த அணி எறிதலை நம்பி இருக்கவில்லை. தவறிய பந்தை மீட்பதை நம்பி இருந்தது.

பேகாட் சென்ற ஆண்டு ஆட்டத்துக்கு 13 ரீபவுண்ட் எடுத்தவர், அதாவது தவறிய பந்தை 13 முறை மீட்டவர். செயின்ட் பீட்டர்ஸுக்கு எதிராக 22. அந்த வழியாக இவர்களும் வெல்லலாம். இந்த ஒரு வாதத்தை உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன்.

14 மே 2022

திருத்தம். மேனக் ஆண்டு முழுவதும் அந்த இடத்தை வைத்திருந்ததுபோல் எழுதிவிட்டேன். தவறு. தொடக்கத்தில் மார்க்கெட் (Marquette) பல்கலைக்கழகத்திலிருந்து வந்த டாசன் கார்சியாதான் அந்த இடத்துக்கு உரியவராக இருந்தார். ஜனவரியில் குடும்பக் காரணங்களுக்காக அவர் வீடு திரும்பிய பிறகே இடம் மேனக்கிடம் நிலைத்தது. நாம் கொண்டாடும் அந்த ஐவர் அணி, பாதிப் பருவம் கடந்த பின் நிர்ப்பந்தத்தில் பிறந்தது. இது சிறிய திருத்தம் இல்லை. எழுதி முடித்ததும் இன்னும் பல கேள்விகள் எழுகின்றன.

20 மே 2022

இதை ஏன் இவ்வளவு பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்று ஒருவர் கேட்டார். சொந்த அனுபவம்தான்.

முதுகலை படித்த காலத்தில் ஒரு சிறிய கல்லூரியின் பெண்கள் அணிக்கு இரண்டு ஆண்டுகள் குறிப்பெடுக்கும் வேலை செய்தேன். பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்து ஒவ்வொரு பாஸும் எந்த இடத்தில், எந்த உயரத்தில் கைக்கு வந்தது என்று கட்டம் போட்ட நோட்டில் குறிக்க வேண்டும். மார்பு உயரம் என்றால் கோடு, முழங்கால் என்றால் வட்டம், தலைக்கு மேல் என்றால் பெருக்கல் குறி. இதெல்லாம் எதற்கு என்று முதல் மாதம் எனக்கே விளங்கவில்லை.

முதல் ஆண்டு நன்றாக ஆடினோம். இரண்டாம் ஆண்டு ஐவரில் நால்வர் திரும்பினார்கள். போனவர் ஆட்டத்துக்கு ஏழோ எட்டோ புள்ளி போடுகிற ஒரு முன்வரிசைப் பெண். அவருக்குப் பதிலாக வந்தவர் அதைவிட இருமடங்கு புள்ளி போடக்கூடியவர். கோடை முழுவதும் எல்லோரும் சிரித்த முகமாகவே இருந்தோம்.

பருவத்தின் மூன்றாவது வாரம் என் நோட்டில் வட்டங்கள் பெருகத் தொடங்கின. வளையத்தடியில் ஆடும் எங்கள் சென்டருக்கு வரும் பந்து முழங்கால் உயரத்தில் வந்துகொண்டிருந்தது. அவர் குனிந்து எடுத்து நிமிர்வதற்குள் இரண்டு பேர் மேலே கவிந்துவிடுவார்கள். பழைய நோட்டைப் புரட்டினேன். முந்தைய ஆண்டு சென்டருக்கு மார்பு உயரத்தில் வந்த பந்துகளில் பெரும்பாலானவை போய்விட்ட அந்தப் பெண்ணின் கையிலிருந்து வந்தவை. வலது கை ஆள்காட்டி விரலில் எப்போதும் வெள்ளை டேப் சுற்றியிருப்பார். பாஸ் கொடுக்கும் முன் அந்த விரலைக் காற்றில் ஒருமுறை சொடுக்குவார், சென்டர் அதைப் பார்த்துத் தோளைத் திருப்புவார். இது எந்தப் புள்ளிப் பட்டியலிலும் ஏறாத வேலை. இன்னொன்றும் போயிருந்தது. எதிரணி ஸ்கிரீன் வைக்க, அதாவது நம் காவலாளியின் வழியை மறித்து நிற்க, வரும்போது பின்னாலிருந்து "இடது! இடது!" என்று கத்துகிற குரல். புதிதாக வந்தவர் திறமைசாலி, ஆனால் பேசமாட்டார். அந்த ஆண்டு எங்கள் தடுப்பாட்டம் மௌனமாக இருந்தது. தோல்விகளில் பாதிக்கு மேல் அந்த மௌனத்தின் கணக்கில் சேரும் என்று இன்றும் நம்புகிறேன்.

அதனால்தான் ஓர் அணியைப் பற்றிக் கேட்டால் யார் வருகிறார்கள் என்று நான் முதலில் பார்ப்பதில்லை. போனவர் என்னென்ன செய்தார் என்று எழுதிக்கொள்கிறேன். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு பெயர் எழுத முடிகிறதா என்று பார்க்கிறேன்.

21 மே 2022

மேனக்குக்கு அந்தப் பட்டியல்: தொலைவிலிருந்து எறிவது. எதிரணி நெட்டையரை வெளியே இழுப்பது. பேகாட்டுக்கு மேலிருந்து பாஸ் கொடுப்பது. வளையத்தடியில் இடித்துப் பிடித்து நிற்பது. இறுதியாட்டத்தில் 13 ரீபவுண்ட் எடுத்தவர் அவர் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இன்றைய நிலையில் முதல் இரண்டுக்கும் எதிரே பெயர் இல்லை. முதலாண்டில் 100க்கு 42 என்று எறிந்த கெர்வின் வால்டனும் டெக்சாஸ் டெக்குக்குப் போய்விட்டார்.

28 ஜூன் 2022

இப்போது பெயர் இருக்கிறது. நார்த்வெஸ்டர்னிலிருந்து பீட் நான்ஸ் வருகிறார்.

எனக்கு மெய்யாகவே மகிழ்ச்சி. மேனக்கைவிட உயரம் அதிகம். சென்ற ஆண்டு ஆட்டத்துக்கு 14 புள்ளிக்கு மேல். மூன்று புள்ளி எறிதலில் 45 சதவீதம். அப்பா லாரி நான்ஸ், அண்ணன் லாரி நான்ஸ் ஜூனியர், இருவரும் என்.பி.ஏ. என்னும் தொழில்முறை லீக்கில் ஆடியவர்கள். வேகமாகக் கைமாறும் பந்தைப் பார்த்தே வளர்ந்திருப்பார். அமெரிக்காவில் இந்தக் கோடையில் இந்த அணிக்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க மாட்டார்.

பயிற்சியாளர் ஹ்யூபர்ட் டேவிஸ் எதைத் தேடினார் என்பதில் குழப்பமே இல்லை. முந்தைய பயிற்சியாளர் ராய் வில்லியம்ஸ் காலத்தில் வளையத்தடியில் இரண்டு நெட்டையர்கள் நிற்பார்கள். ஹ்யூபர்ட் ஒருவரை உள்ளே நிறுத்தி நால்வரை வெளியே நிறுத்துகிறார். என்.பி.ஏ.வில் வாழ்நாள் முழுவதும் 44 சதவீதம் என்று மூன்று புள்ளி எறிந்த மனிதர், இடைவெளியின் அருமை அவருக்குத் தெரியாமல் இருக்காது.

மே மாதம் நான் சொன்னதைப் பெரும்பாலும் திரும்பப் பெறுகிறேன்.

3 ஜூலை 2022

ஒரு வாரமாக நார்த்வெஸ்டர்னின் பழைய ஆட்டங்களைப் பார்த்தேன். "பெரும்பாலும்" என்று சொன்னது அவசரம்.

நான்ஸ் நன்றாக எறிகிறார், ஆனால் மேனக் அளவுக்கு நிறைய எறிவதில்லை. 45 சதவீதம் என்பது குறைந்த முயற்சிகளின் மேல் வந்த எண். எண்ணைவிட அவர் கைகள்தான் எனக்கு அதிகம் சொல்கின்றன. மேனக் பந்து வரும் முன்பே முழங்காலை மடக்கி நிற்பார். கைக்கு வந்த மாத்திரத்தில் மேலே போய்விடும், முகத்துக்கு நேரே கை நீண்டிருந்தாலும் பொருட்படுத்தமாட்டார். நான்ஸ் பந்தை வாங்கி இடுப்பருகே கொண்டுவருகிறார், ஒரு கணம் பார்க்கிறார், பிறகு முடிவெடுக்கிறார். ஃப்ரீ த்ரோ கோட்டின் முனையில் நின்று வெட்டி ஓடுகிறவர்களுக்குப் பாஸ் கொடுப்பதில் அவர் மிகச் சிறந்தவர். நார்த்வெஸ்டர்னில் அணியின் ஆட்டமே அவர் வழியாக ஓடியது. அங்கே அந்த ஒரு கணம் சொத்து. இங்கே, லவ்வும் டேவிஸும் பந்தை வைத்திருக்கும் அணியில், அந்த ஒரு கணத்தில் காவலாளி திரும்பி வந்துவிடுவார்.

நான்ஸ் குறைந்த ஆட்டக்காரர் என்று சொல்லவில்லை. ஒருவேளை முழுமையான ஆட்டக்காரர் அவர்தான். இவர்களுக்கு வேண்டியதோ ஒரே ஒரு காரியத்தை வெறியோடு செய்யும் ஆள்.

4 ஜூலை 2022

"அப்படியானால் நான்ஸுக்கு ஏற்ப ஆட்டத்தை மாற்றிக்கொள்ளலாமே?"

மாற்றலாம். அவரை ஃப்ரீ த்ரோ கோட்டருகே நிறுத்தி, பேகாட்டுக்கு மேலிருந்து கீழே பாஸ் கொடுக்கச் சொல்லலாம். இரண்டு நெட்டையர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கும் அழகான ஆட்டம் அது. ஆனால் அதற்கு லவ்வும் டேவிஸும் பந்தை விட்டுக்கொடுத்துவிட்டு ஓட வேண்டும். ஏப்ரலில் இறுதியாட்டம் வரை தங்களைக் கொண்டுபோன பழக்கத்தை நவம்பரில் மாற்றிக்கொள்ள யாருக்கு மனம் வரும்?

9 ஆகஸ்ட் 2022

பெஞ்சில் இருக்கும் மாற்று ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேசாமலே இவ்வளவு தூரம் வந்துவிட்டோம்.

ஓர் ஆட்டம் 40 நிமிடம், களத்தில் ஐவர், ஆக 200 ஆள்-நிமிடங்கள். முதல் ஐவரும் தலா 36 நிமிடம் ஆடினால் 180 தீர்ந்தது. மீதி 20 நிமிடத்தைத்தான் மற்ற எல்லோரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். சென்ற மார்ச்சில் ஏறக்குறைய இப்படித்தான் ஓடியது. 'இரும்பு ஐவர்' என்று பெருமையாக அழைத்தார்கள். எனக்கு அந்தப் பெயரில் பெருமையைவிடக் கவலைதான் அதிகம். இறுதியாட்டத்தின் கடைசி நிமிடத்தில் பேகாட்டின் கணுக்கால் மடங்கியது. ஏற்கெனவே டியூக்குடனான அரையிறுதியில் காயம்பட்ட கால். ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு திரும்ப ஓட முயன்ற அந்தக் காட்சியை என்னால் இரண்டாம் முறை பார்க்க முடியவில்லை. பாதி நேரத்தில் 40-25 என்று முன்னிலையில் இருந்த அணி 72-69 என்று தோற்றது. கான்சாஸ் நன்றாக ஆடியது என்பது ஒரு பக்கம். கால்கள் தீர்ந்துவிட்டன என்பது இன்னொரு பக்கம். லவ் அன்று 24 முறை எறிந்து 5தான் போட்டார்.

இந்த ஆண்டு பெஞ்சில் யார்? பஃப் ஜான்சன் அதே இறுதியாட்டத்தில் 11 புள்ளி போட்டுக் காட்டியவர், அவரிடம் எனக்கு நம்பிக்கை உண்டு. டான்ட்ரெஸ் ஸ்டைல்ஸ், டி'மார்கோ டன் இருவருக்கும் இது இரண்டாம் ஆண்டு. புதியவர்களில் சேத் டிரிம்பிள் தடுப்பாட்டத்துக்கு முதல் நாளிலிருந்தே பயன்படுவார். டைலர் நிக்கல் எறியக்கூடியவர். ஜேலன் வாஷிங்டன் பள்ளிக்காலத்து முழங்கால் காயத்திலிருந்து மீள்பவர், அவரை அவசரப்படுத்தக் கூடாது.

ஆட்கள் இருக்கிறார்கள். நவம்பரில் அவர்களுக்கு நிமிடங்கள் கொடுத்தால்தான் மார்ச்சில் உதவுவார்கள். சிறிய அணிகளுடன் ஆடும்போது 15 நிமிடம் பெஞ்சை முழுவதுமாக இறக்கி, தப்பு செய்யவிட்டுப் பார்க்க வேண்டும். முதலிட எதிர்பார்ப்பைச் சுமக்கும் பயிற்சியாளருக்கு அந்தத் துணிச்சல் எளிதில் வராது.

10 ஆகஸ்ட் 2022

நேற்று லீக்கி பிளாக்கை விட்டுவிட்டேன், அது நியாயமில்லை. எதிரணியின் மிகச் சிறந்த புள்ளிக்காரரைக் காவல் காப்பது ஒவ்வோர் ஆட்டத்திலும் அவர் வேலை. அதை அவரைப்போல் செய்ய இந்த அணியில் வேறு ஆள் கிடையாது. ஆனால் அவர் அதிகம் எறியமாட்டார் என்பது எல்லா எதிரணிகளுக்கும் தெரியும். மேனக் இருந்தபோது எறியாத ஒருவரை அணி தாங்கியது. நான்ஸும் தயங்கினால் காவலாளிகள் இரண்டு பேரை விட்டுவிட்டுப் பேகாட்டின் மேல் கவிவார்கள். என் பழைய நோட்டின் வட்டங்கள் மறுபடியும் கண்ணில் தெரிகின்றன.

18 அக்டோபர் 2022

அசோசியேட்டட் பிரஸ் (ஏ.பி.) செய்தி நிறுவனத்தின் பருவத்துக்கு முந்தைய தரவரிசைப் பட்டியல் வந்துவிட்டது. 62 முதலிட வாக்குகளில் 47 நார்த் கரோலினாவுக்கு. கான்சாகா இரண்டாவது, ஹூஸ்டன் மூன்றாவது.

மே மாதத் திருத்தத்தைப் போட்ட அன்றே செய்திருக்க வேண்டிய கணக்கை இன்று செய்தேன். சென்ற ஆண்டு 29 வெற்றி, 10 தோல்வி. அதை பிப்ரவரி 16இல் இரண்டாக வெட்டிப் பாருங்கள். அன்றுதான் சொந்தக் களத்தில் பிட்ஸ்பர்கிடம் தோற்றார்கள். அதுவரை 18-8. அந்த எட்டுத் தோல்விகளில் கென்டக்கியிடம் 29 புள்ளி, மயாமியிடம் 28, வேக் ஃபாரஸ்டிடம் 22, டியூக்கிடம் 20 என்று துவைத்தெடுக்கப்பட்டவை உண்டு. அதன் பிறகு 11-2.

வாக்களித்தவர்கள் பிந்தைய 13 ஆட்டங்களுக்கு வாக்களித்திருக்கிறார்கள். அந்த 13இல் நான் கண்ட பேரின்பத்தை மறுக்கவே மாட்டேன். பேய்லருக்கு எதிராக 25 புள்ளி முன்னிலையில் இருந்தபோது நடுவர்கள் மேனக்கை வெளியேற்றினார்கள். முன்னிலை முழுவதும் கரைந்து, கூடுதல் நேரத்துக்குப் போய், அப்படியும் 93-86 என்று வென்றார்கள். யூ.சி.எல்.ஏ.வுக்கு எதிராக லவ் 30 புள்ளி போட்டார், அதில் 27 இரண்டாம் பாதியில். ஆனால் 13 ஆட்டம் ஓர் அணியின் உண்மையான உயரமா, அல்லது அதற்கு முந்தைய 26 ஆட்டங்களா? இரண்டுக்கும் நடுவில் எங்கோ என்றுதான் எந்த நிதானமான மனிதரும் சொல்வார். நடுவில் எங்கோ என்பது முதலிடம் இல்லை.

பேய்லர் ஆட்டத்தை எழுதும்போதுதான் இன்னொன்று உறைக்கிறது. மேனக் வெளியே போன பத்து நிமிடத்தில் 25 புள்ளிகள் கரைந்தன. பேய்லரின் முழுக்கள நெருக்கடிதான் காரணம் என்று இதுவரை நினைத்திருந்தேன். அந்த நெருக்கடியில் பந்தை வாங்கிக்கொள்ள நடுக்களத்தில் நிற்கக்கூடிய உயரமான ஆள் யார்? மேனக்தான். என் பட்டியலில் ஐந்தாவது வேலையாக இதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

19 அக்டோபர் 2022

"இந்த அணி தோற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்களா?"

தம்பி, ஏப்ரல் 2 அன்று டியூக்கை 81-77 என்று வீழ்த்தியபோது ஃபிராங்க்ளின் தெருவில் முன்பின் தெரியாத ஒரு பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். அவரும் அழுதார், நானும் அழுதேன். இந்த அணி வெல்ல வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணம் கிடையாது. ஆசையைக் கணக்கோடு கலக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

6 நவம்பர் 2022

நாளை வில்மிங்டனுடன் முதல் ஆட்டம். பேச்சை நிறுத்திவிட்டு என் மதிப்பீட்டை எழுதி வைக்கிறேன்.

முதல் ஐவர்: டேவிஸ், லவ், பிளாக், நான்ஸ், பேகாட். முதல் எட்டு இடங்களுக்குள் முடிப்பார்கள். மார்ச்சில் நடக்கும் தேசியப் போட்டியின் இரண்டாவது வாரயிறுதி வரை நிச்சயம் போவார்கள். அதற்கு மேல் போவதும் போகாததும் மூன்று விஷயங்களைப் பொறுத்தது. நான்ஸ் கைக்கு வந்த பந்தைத் தயங்காமல் எறிகிறாரா? லவ் தன் எறிதல்களைக் குறைத்துக்கொள்கிறாரா? பெஞ்சுக்கு 40 ஆள்-நிமிடமாவது கிடைக்கிறதா?

இவற்றில் எனக்கு அதிகக் கவலை மூன்றாவது. குறைந்த கவலை இரண்டாவது. லவ் இப்போது மூன்றாம் ஆண்டு மாணவர், முதிர்ச்சி வரும் வயது.

28 நவம்பர் 2022

போர்ட்லாந்திலிருந்து வந்த செய்தி உங்களுக்கெல்லாம் தெரியும். அயோவா ஸ்டேட்டிடம் 70-65 என்று தோல்வி. எதிரணியின் கேலப் கிரில் 31 புள்ளி போட்டார், வெளியிலிருந்து ஏழு. நேற்று அலபாமாவிடம் நான்கு கூடுதல் நேரங்கள் ஆடி 103-101 என்று தோல்வி.

நேற்றைய ஆட்டத்தை நோட்டோடு உட்கார்ந்து பார்த்தேன். கேலப் லவ் 34 புள்ளி போட்டார், அதற்கு 36 முறை எறிந்தார். குறைந்த கவலை என்று நான் எழுதிய இடத்திலேயே அடி விழுந்திருக்கிறது. ஆனால் லவ்வைத் திட்டுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். அந்த 36இல் பல, எறிவதற்கான கடிகாரம் தீரும் நேரத்தில், வேறு வழியில்லாமல் போனவை. சென்ற மார்ச்சில் அவர் உள்ளே பாய்ந்தபோது நடுவில் இருந்த வெற்றிடத்தில் இப்போது ஓர் ஆள் நிற்கிறார். மூலையில் நிற்கும் பிளாக்கின் காவலாளி அவரை விட்டுவிட்டு நாலடி உள்ளே வந்துவிடுகிறார். லவ் நிற்கிறார், பின்னால் சாய்கிறார், எறிகிறார். லவ் மாறவே இல்லை. சென்ற ஆண்டு எறிந்த அதே எறிதல்தான். அன்று எதிரே ஒரு கை இருந்தது, இன்று இரண்டு.

13 மார்ச் 2023

நேற்று மாலை தேசியப் போட்டிக்குத் தேர்வான 68 அணிகளின் பெயரையும் வாசித்தார்கள். நார்த் கரோலினா அதில் இல்லை. 20 வெற்றி, 13 தோல்வி. 1985இல் போட்டி 64 அணிகளாக விரிந்த பிறகு, பருவத்துக்கு முன் முதலிடத்தில் வைக்கப்பட்ட அணி ஒன்று இடமே பெறாமல் போனது இதுதான் முதல் முறை.

மூன்று புள்ளி எறிதலில் அணி 31 சதவீதத்தில் முடித்தது. லவ் 30ஐத் தொடவில்லை. நான்ஸுக்கு நல்ல இரவுகள் இருந்தன. டிசம்பரில் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு எதிராகக் கடைசி நொடியில் எறிந்து கூடுதல் நேரத்துக்குக் கொண்டுபோனார், அந்த ஆட்டத்தை வென்றார்கள். ஆனால் நார்த்வெஸ்டர்னில் எறிந்ததைப்போல் இங்கே எறியவில்லை. தேர்வுக் குழு முதல் தரமாக வகுக்கும் ஆட்டங்களில் பத்தில் ஒன்றுதான் வெற்றி.

"நீங்கள் சொன்னபடியே நடந்தது" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். இல்லை. நான் எழுதி வைத்தது முதல் எட்டு. மே மாதம் சரியான இடத்தில் கை வைத்தேன், ஜூனில் மனம் மாறினேன், நவம்பரில் லவ்வைப் பற்றித் தவறாக எழுதினேன். ஒருவர் போனால் அவருடைய 15 புள்ளி மட்டும் போகும் என்று நினைத்ததில்லை. ஆனால் மற்ற நால்வரின் எண்களும் அவரோடு சேர்ந்து இவ்வளவு தூரம் இறங்கும் என்றும் நினைக்கவில்லை. டேவிஸ் மட்டும் தாக்குப்பிடித்தார். 36 சதவீதம். அவரைப் பற்றி இந்த முழு ஆண்டில் நான் எழுதியது எவ்வளவு குறைவு என்று பார்த்து வருந்துகிறேன்.

14 மார்ச் 2023

முதலில் கேள்வி கேட்ட நண்பருக்கு: உங்கள் 2017 வாதம் பொய்யாகவில்லை. பேகாட் கணுக்காலோடும் தோளோடும் போராடியபடியே இந்த ஆண்டும் பந்தை மீட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனால் 2017இல் மீக்ஸுடன் ஐசையா ஹிக்ஸ் இருந்தார், பெஞ்சிலிருந்து டோனி பிராட்லி வந்தார். பேகாட் தனியாக இருந்தார்.

28 மார்ச் 2023

கேலப் லவ் வேறு பல்கலைக்கழகம் போகிறார் என்று நேற்று அறிவித்துவிட்டார். பிளாக்குக்கும் நான்ஸுக்கும் ஆண்டுகள் முடிந்தன. பெஞ்சிலிருந்த இளைஞர்களிலும் பலர் கிளம்புகிறார்கள்.

லவ் போனதில் நிம்மதி என்று எழுதுகிறவர்களை இந்த முறை நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். முதலில் பட்டியல் போடுங்கள். கடிகாரத்தில் ஐந்து நொடி இருக்கும்போது பந்தை எடுத்துக்கொண்டு போனவர் யார்? எதிரணியின் இரண்டாவது நல்ல காவலாளி யாரோடு அலைந்தார்? டேவிஸ் மூச்சு வாங்க நின்ற நேரத்தில் பந்தை மேலே கொண்டுவந்தவர் யார்?

இன்று காலை ஒரு புதிய பக்கத்தில் இடப்பக்கம் லவ், பிளாக், நான்ஸ் மூவரின் வேலைகளையும் எழுதினேன். மொத்தம் பதினொன்று வந்தது. கடைசி நொடிக்கு எதிரே ஆர்.ஜே. டேவிஸ் என்று எழுதிவிட்டேன், அதில் தயக்கமில்லை. எதிரணியின் சிறந்தவரைக் காவல் காக்க டிரிம்பிள், பென்சிலில். நான்காம் இடத்தில் வெளியே நின்று எறிபவருக்கு எதிரே இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

உங்களுக்கு ஏதாவது பெயர் தோன்றுகிறதா?